ஓய்வுக்கு எந்த ஊர்?

உழைக்கப் புறப்படும் இளைஞனுக்குப் பிழைப்பே ஊரைக் காட்டிவிடுகிறது. ஓய்வு பெறும் முதியவரோ தம் ஊரைத் தாமே தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. அத்தெரிவு எளிதன்று.

பிரித்தானிய அரசு சிங்கப்பூரிலிருந்த தன் படைகளை மீட்டுக்கொள்ளப் போவதாக 1968ஆம் ஆண்டு சனவரியில் அறிவித்தது. 1971ஆம் ஆண்டின் இறுதிக்குள் பெரும்பாலான படைகள் வெளியேறின. செம்பவாங் கடற்படைத் தளத்தில் பணியாற்றிய தமிழரும் மலையாளிகளும் பலர், கையில் கிடைத்த பணிக்கொடையுடன் கப்பலேறினர். மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்கள் அவர்களுள் பலர். எங்கே செல்வது என்ற வினாவே அவர்களுக்கு எழவில்லை. காத்திருப்போர் இருந்த இடமே ஊராயிற்று.

இன்று ஓய்வு பெறுவோர் பலரின் நிலை வேறு. மன்னார்குடிக்கு அருகில் பிறந்து, இளம் வயதிலேயே சிங்கப்பூர் வந்து, துறைமுகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவர் ஒருவர். இந்நாட்டுக் குடியுரிமை பெற்றார், அடுக்குமாடி வீடு வாங்கினார், பிள்ளைகளைக் கரையேற்றினார். பிறந்த மண்ணில் ஒரு வீடு கட்டி, சிறிது வயலும் வாங்கி, எஞ்சிய நாளைக் கழிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு.

அக்கனவைச் சட்டம் ஒரு பக்கம் தடுத்தது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2005ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டையைப் பெற்றவர், அங்கே நெடுங்காலம் தங்கலாம், வீடு வாங்கலாம். ஆனால் வாக்களிக்க இயலாது. வேளாண் நிலத்தை விலைகொடுத்து வாங்கவும் இயலாது. மத்திய சேமநிதியின் மாதத் தொகை எங்கு வாழ்ந்தாலும் வந்து சேரும். 2015இல் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியோ சிங்கப்பூர் மருத்துவமனைச் செலவுக்குக் கைகொடுக்குமேயன்றி மன்னார்குடி மருத்துவத்துக்கு உதவாது.

மறுபக்கம் தடுத்தவர் மனைவி. அவர் சிராங்கூன் சாலைக்கு அருகில் பிறந்து வளர்ந்தவர்.

"உங்களுக்கு அது ஊர்; எனக்கு அது நீங்கள் பிறந்த இடம். நீங்கள் இருக்கும்வரை இருந்துவிடுவேன். உங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்?" என்று அம்மையார் ஒருநாள் அமைதியாகக் கேட்டார்.

கணவருக்கு மறுமொழி எழவில்லை. வீட்டுக்கான வரைபடம் கையில் இருந்தது. செங்கல் கணக்கும் இருந்தது. தனித்து எஞ்சப்போகும் ஒருவரைப் பற்றிய கணக்கு மட்டும் அதில் இல்லை.

பின்னர் அவ்விருவரும் ஒரு முடிவுக்கு வந்தனர். சிங்கப்பூர் வீட்டை விற்கவில்லை. ஊரில் புதுவீடு கட்டவும் இல்லை. மார்கழி, தை மாதங்களில் மன்னார்குடியில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்துத் தங்குகின்றனர். ஒரு காலத்தில் கப்பலில் ஏறத்தாழ ஒரு வாரம் கடந்த தொலைவை, திருச்சிராப்பள்ளி விமானம் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. பொங்கல் முடிந்ததும் பேரப்பிள்ளைகளிடம் திரும்புகின்றனர்.

வயல் வாங்காத குறை அவருக்கு இன்றும் உண்டு. அறுவடை நாளில் பிறர் வரப்பில் நின்று நெல்மணியைக் கையில் உதிர்த்துப் பார்க்கிறார். அம்மையார் குடை பிடித்தபடி அருகில் நிற்கிறார்.

ஓய்வுக்கு ஊர் தேடுவோர் தட்பவெப்பத்தையும் விலைவாசியையும் விசாரிக்கின்றனர், அது வேண்டியதே. ஆனால் இருவராகச் செல்லும் இடம், ஒருநாள் ஒருவர் மட்டுமே வாழும் இடமாகும். அந்த ஒருவருக்கு உகந்த ஊர் எதுவோ, அதுவே இருவருக்கும் ஊர்.