குறையாத எண்ணெய்



சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின், நம் சகோதரர் ஒருவர் தம் காரேஜில் உறையிட்டு வைத்திருக்கும் பழைய காரை எனக்குக் காட்டினார். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்புக்கு அஞ்சி, ஏப்ரல்வரை அதை அவர் வெளியே எடுப்பதில்லை. "பிரேக் ஆயில் மாற்றி எத்தனை ஆண்டாயிற்று?" என்றேன். "வண்டி ஓடவே இல்லையே ஃபாதர், ஆயிலும் குறையவில்லை" என்றார்.

இதே சொல்லை என் தந்தையாரிடமும் கேட்டிருக்கிறேன். 1986 ஆகஸ்டில், கொடைக்கானல் சலேத் மாதா திருவிழா முடிந்து எங்கள் அம்பாசிடரில் மலையிறங்கினோம். அம்மாவின் மடியில் கைக்குழந்தையாய் என் தங்கை. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துவந்த அப்பாவின் கால் திடீரெனத் தரைவரை இறங்கிற்று. கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி வண்டியை நிறுத்தினார். நடுங்கும் கையால் மூடியைத் திறந்து பார்த்தவர், "குறையவில்லையே!" என்றார். வண்டி ஆறியதும் பிரேக் தானே திரும்பிற்று.

காரணத்தைப் பின்னரே அறிந்தேன். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதியாது. நூற்றுக்கு நாலு பங்குக்கும் குறைவான நீர் கலந்தாலே 140 டிகிரியில் கொதித்துவிடலாம். இறக்கத்தின் சூட்டில் அது கொதித்து ஆவியாகிறது. ஆவி அமுங்கும், ஆகவே மிதித்த விசை சக்கரத்தைச் சென்றடைவதில்லை.

வண்டி நின்றாலும் ஈரம் நிற்பதில்லை. ஆகவே ஈராண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். முன்பே திறந்துவைத்த டப்பாவை நம்பாதீர்கள். எஞ்சின் ஆயிலைக் குளிர்காலத்திற்கு முன்பே மாற்றுங்கள். பழைய ஆயிலில் தங்கிய அமிலமும் ஈரமும் உள்ளிருந்தே உலோகத்தை அரிக்கும். கூலன்ட்டும் அவ்வாறே, உறையாமல் காக்கும் குணம் இருக்கும்போதே, துரு தடுக்கும் குணம் தீர்ந்துபோகும்.

வியாழனன்று அச்சகோதரரின் காரிலிருந்து பழைய பிரேக் ஆயிலை வடித்தோம். கறுத்த தேநீர்போல் இறங்கிற்று. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. வரும் வசந்தத்தில் தம் பேரப்பிள்ளைகளை அதில் ஏற்றிச்செல்ல எண்ணியிருந்தாராம்.

நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பாராதீர்கள். என்று மாற்றினோம் என்றும் கேளுங்கள். என் செபவாழ்வைக் குறித்து இவ்வாரம் நானும் அதையே கேட்டுக்கொண்டேன்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குப்பணியாளர்