தொணதொண வேறு, வளவள வேறு

அகராதி வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே பொருள் என்று எல்லோரும் நினைக்கும் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது. ஓயாமல் பேசுகிறவர்களைப் பற்றிய சொற்கள் அதற்கு நல்ல களம். எல்லாவற்றுக்கும் ‘அதிகமாகப் பேசுதல்’ என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம். அது மொழிக்குச் செய்யும் அநியாயம்.

இரட்டைக்கிளவிகளை எடுத்துக்கொள்வோம். கடிதம் வளவளவென்று இருக்கலாம். தொணதொணவென்று இருக்க முடியாது. எதிரே ஒருவர் காதைக் கொடுத்து மாட்டிக்கொண்டால்தான் அது தொணதொணப்பு. ‘சைக்கிள் வாங்கித் தா’ என்று காலையிலிருந்து அப்பாவைச் சுற்றிச் சுற்றி வரும் பையன் புதிதாக எதுவும் சொல்வதில்லை, சொன்னதையே சொல்கிறான். நாலு வரியில் முடிவதை நாலு பக்கத்துக்கு இழுப்பது வளவளப்பு. குறையில்லாமல் சில சொல்லத் தெரியாதவரே பல சொல்ல ஆசைப்படுவார் என்று வள்ளுவர் 65ஆம் அதிகாரமான சொல்வன்மையில் சொல்வது இவர்களுக்கு அப்படியே பொருந்தும். ‘சளசள’ என்றால் பெரும்பாலும் கூட்டம்: வாத்தியார் வராத வகுப்பறை.

‘ஓட்டைவாய்’க்கும் பேச்சின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. நாளெல்லாம் நாலே வார்த்தை பேசுகிறவரும், அதில் ஒன்று அடுத்தவர் ரகசியமாக இருந்தால், ஓட்டைவாய்தான். ‘அறுவை’, ‘பிளேடு’ இரண்டும் கேட்கிறவர் படும் பாட்டிலிருந்து பிறந்தவை.

மிகவும் கவனமாகக் கையாள வேண்டியது ‘வாயாடி’. பேத்தியின் கன்னத்தைக் கிள்ளி, ‘சரியான வாயாடிடீ நீ’ என்று பாட்டி சொன்னால் கொஞ்சல். மருமகளைப் பற்றி மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னால் குற்றச்சாட்டு. அவள் பேசியது ஒரே வாக்கியமாகக்கூட இருக்கலாம். எதிர்த்துப் பேசினாள், அவ்வளவுதான். அதே வாக்கியத்தை மகன் பேசியிருந்தால் ‘வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா பேசுவான்’ என்று பெருமை.

அதனால் இத்தகைய சொற்களுக்கு நான் பொருளை முதலில் எழுதுவதில்லை; எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தேடுகிறேன். 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அத்தகைய வாக்கியங்களுக்குத் தந்த இடம் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பாடம். யார், யாரை, எந்த நேரத்தில் சொல்கிறார் என்பது தெரிந்த பிறகே பொருள் பிடிபடுகிறது. சொன்னவரின் எரிச்சலைச் சொல்லப்பட்டவரின் குணமாக அகராதி பதிவு செய்துவிடக் கூடாது.