எய்யாமல் விடுவதற்கான பயிற்சி

வேட்டைக்கு ஆயத்தமாவது என்றால் கொல்வதற்கு ஆயத்தமாவது என்றே பொதுவாகப் பொருள் கொள்கிறோம். பெரியபுராணத்தின் வேட்டைச் சொற்களை ஆய்வுப் பொருளாகக் கொண்டு சில ஆண்டுகளாக வாசித்து வரும் எனக்கு, அந்தப் பொருள் போதாது என்ற ஐயம் முன்பே இருந்தது. அண்மையில் எங்கள் குடும்பத்தில் எழுந்த ஒரு விவாதம் அந்த ஐயத்தைத் தெளிவாக எழுதிப் பார்க்கத் தூண்டியது.

ஆண்டாப் ஹில்லில், மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் என்னோடு வளர்ந்த சித்தி மகன் இப்போது கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தின் வடபகுதியில் பணிபுரிகிறான். உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து வில் பழகினான்; வேட்டைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து தேர்வெழுதி உரிமமும் பெற்றான். வரும் மே மாதம் கருங்கரடி வேட்டைக்குச் செல்லப் போவதாகத் தொலைபேசியில் சொன்னபோது சித்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அது குட்டி போட்ட கரடியா இருந்தா என்னடா பண்ணுவ?” அவன் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் என்னை அழைத்து, “அக்கா, நம்ம இலக்கியத்துல இதுக்கு ஏதாவது இருக்கா?” என்றான்.

சித்தியின் கேள்வி தாயுள்ளத்தின் பதற்றமாக மட்டும் ஒலிக்கலாம். ஆனால் ஒண்டாரியோவின் இளவேனில் வேட்டை குறித்த பொது விவாதம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது. கருங்கரடி குளிர்காலத்தை வளைக்குள் உறங்கிக் கழிக்கிறது. பெண் கரடி கடுங்குளிரின் நடுவே அவ்வளையிலேயே குட்டிகளை ஈன்று பாலூட்டுகிறது. பனி உருகும்போது ஆண் கரடிகள் முதலில் வெளிவருகின்றன; குட்டிகளோடு தாய்க் கரடிகள் பிந்தி வருகின்றன. அப்போது தாயை இழக்கும் குட்டி பிழைப்பது அரிது. இவ்வாறு குட்டிகள் அநாதையாகின்றன என்ற எதிர்ப்பின் காரணமாகவே அம்மாகாண அரசு 1999இல் இளவேனில் வேட்டையை நிறுத்தியது. 2014இல் சில பகுதிகளில் மட்டும் சோதனை முறையில் மீண்டும் தொடங்கி, 2021இல் நிலையான பருவமாக்கியது. குட்டியையோ, குட்டியோடு இருக்கும் தாயையோ இளவேனிலில் கொல்வது அங்கே சட்டப்படி குற்றம்.

சட்டம் எளிது, காட்டில் அதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். தாய்க் கரடி இரை தேடும்போது குட்டிகளை மரத்தின் மேல் ஏற்றிவிட்டுத் தனியே வருவதுண்டு. வேட்டைக்காரர் கண்ணுக்குத் தெரிவது ஒற்றைக் கரடி. குட்டிகள் எங்கோ ஒரு மரக்கிளையில் அசையாமல் இருக்கின்றன. ஆகவே கரடி எதிரே வந்த பிறகும் காத்திருக்க வேண்டும். அது அடிக்கடி திரும்பிப் பார்க்கிறதா, பின்னால் சலசலப்பு உண்டா என்று கவனிக்க வேண்டும். உடலளவை மதிப்பிடக் காதுகளைப் பார்க்கச் சொல்கிறார்கள்: இளம் கரடிக்குக் காதுகள் தலையில் பெரிதாகத் தோன்றும், முதிர்ந்த பெருங்கரடிக்குச் சிறிதாக, பக்கவாட்டில் தள்ளி அமைந்ததுபோல் தோன்றும்.

தம்பியின் அன்றாடப் பயிற்சியைக் கேட்டறிந்தேன். காற்று வீசும் திசையை அறிந்து அமர்வது அதில் முதற்பாடம். ஏனெனில் கரடியின் மோப்பத்திற்கு முன் மனிதரின் மறைவிடம் எதுவும் நிற்காது. இருபது மீட்டருக்குள் மட்டுமே எய்வது என்று தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொண்டிருக்கிறான். கரடி பக்கவாட்டில் நின்றால்தான் அம்பு நுரையீரலையும் இதயத்தையும் சென்றடையும். தவறான இடத்தில் பட்டால், அடர்ந்த மயிரும் கொழுப்பும் குருதியை வெளியே சிந்தவிடாமல் தடுத்துவிடும். காயமுற்ற விலங்கு தடயமின்றி மறைந்து நெடுநேரம் துன்புறும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக அவன் சொன்ன ஒன்று என்னை நிறுத்தியது. அவன் பயன்படுத்துவது இரு முனைகளிலும் உருளிகள் பொருத்திய இக்கால வில். நாணை முழுவதும் இழுத்த பின் கையில் தாங்க வேண்டிய பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் எய்யாமல் சற்று நேரம் நிலைத்து நிற்க முடியும். ஆனால் எய்ய வேண்டாம் என்று முடிவு செய்தால், நாணைக் கட்டுப்பாட்டோடு முன்னே விட்டுக்கொடுக்க வேண்டும். பாதி வழியில் பாரம் மீண்டும் கையை வெடுக்கென்று இழுக்கும். பழகாத கையிலிருந்து அம்பு தானாகப் பாய்ந்துவிடக்கூடும். எனவே இழுத்த நாணை எய்யாமலே இறக்குவதைத் தனியே, நாள்தோறும், பலமுறை பழகுகிறான்.

அவன் கேட்டதற்கு விடை சேக்கிழாரிடம் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றப்பட்ட பெரியபுராணத்தில் கண்ணப்பர் வரலாற்றின் கணிசமான பகுதி வேட்டைக்கான ஆயத்தமே. பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த திண்ணனுக்கு வில் பிடிக்கும் விழா எடுக்கிறார்கள். முதுமையால் தளர்ந்த நாகன் தலைமையை மகனிடம் ஒப்படைக்கிறான். தேவராட்டி அழைக்கப்பட்டுக் காட்டுத் தெய்வங்களுக்குப் பலியூட்டு நடக்கிறது. பிறகு நாய்களும் வலைகளுமாக முதல் வேட்டை. வீழும் விலங்குகளின் பட்டியலில் எண்கு, அதாவது கரடியும் உண்டு. சேக்கிழார் கொலையை மென்மைப்படுத்தவில்லை. அம்பு பாயும் வேகம் சந்தத்திலேயே கேட்கிறது.

அதே வேகத்தின் நடுவே ஒரு பாட்டு அவ்வேடர்கள் செய்யாதவற்றைச் சொல்கிறது. யானைக் கன்றுகளைத் துரத்துவதில்லை. சிறு குருளைகளைக் கொல்வதில்லை. கருவுற்று நடை தளர்ந்த பெண் விலங்குகளை வருத்துவதில்லை. இதைப் பெரும்பாலும் அருளாளரின் கருணைக்குச் சான்றாக, பின்னால் வரப்போகும் பக்திக்கு முன்னறிவிப்பாக வாசிக்கிறோம். அவ்வாசிப்பு தவறில்லை. ஆயினும் அப்பாட்டைத் தொழில் நெறியாகவும் வாசிக்கலாம் என்பது என் கருத்து. நாய்கள் குரைக்க, வலைகள் அறுபட, விலங்குகள் நாற்புறமும் சிதறி ஓடும் வேளையில், எது குருளை, எது கருவுற்றது என்று ஒரு கணத்தில் பிரித்தறிந்து கையை நிறுத்துவது, பழகிய கண்ணும் பழகிய கையும் இருந்தால் மட்டுமே இயலும். கருணை மனத்தில் இருந்தால் மட்டும் போதாது. திண்ணன் பயின்ற வில்வித்தைக்குள் இந்த நிறுத்தமும் அடங்கியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும. நம் நாட்டுக் காடுகளின் தேன் கரடி தன் குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் இயல்புடையது. தாய் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். வடபுலத்துக் கருங்கரடியோ குட்டியை மரத்தில் மறைத்துவிட்டு வருகிறது. தம்பியின் நெறி ஆகவே இன்னும் கடினமானது: கண்ணுக்குத் தெரியாத குட்டிக்காகவும் அவன் கையை நிறுத்தியாக வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கேள்வியே எழாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கரடி வேட்டையை முற்றிலும் விலக்குகிறது. அதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். தம்பியின் வேட்டையை நியாயப்படுத்தவும் இதை எழுதவில்லை. ஐயம் இருந்தால் எய்யாதே என்பது நல்ல விதிதான். ஆனால் மரத்தில் இருக்கும் குட்டியைக் காணாதவருக்கு ஐயமே தோன்றாமல் போகலாம். அந்த இடைவெளியை எந்தப் பயிற்சியும் முழுவதும் அடைத்துவிடாது என்று அவனிடம் சொன்னேன். சேக்கிழாரின் அந்தப் பாட்டையும் பொருளோடு அனுப்பினேன். சித்தியிடம் இப்போது அவன் சொல்லியிருக்கும் பதில் இது: “அம்மா, தனியா வந்தாலும் ரொம்ப நேரம் பார்ப்பேன். சந்தேகம்னா இறக்கிடுவேன்.” சித்தி சமாதானமாகவில்லை. “பார்த்தும் தெரியலன்னா?” என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவனிடமும் விடையில்லை, என்னிடமும் இல்லை.

கண்ணப்பர் புராணத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணை இடந்து அப்பிய காட்சிக்கு விரைந்து போய்விடாதீர்கள். வேட்டைப் பகுதியில் சற்றுத் தங்கி, அந்த மூன்று விலக்குகளையும் வில்லைக் கையில் ஏந்தியவரின் இடத்திலிருந்து வாசித்துப் பாருங்கள்.