கிருத்திகை முடியட்டும்

அந்தக் கையெழுத்தைப் போட எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. போடவில்லை. அன்று வாயால் சொன்ன காரணங்கள் வேறு, மனத்தில் இருந்த காரணங்கள் வேறு. மனத்தில் இருந்தவற்றை இப்போது எழுதுகிறேன்.

திருத்தணி வட்டத்தில் ஒரு கிராமத்துக்கு நான் கிராம நிர்வாக அலுவலராக (வி.ஏ.ஓ.) இருந்தேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. அப்போது ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கே இலவச சிகிச்சை. ரேஷன் கார்டும் வி.ஏ.ஓ. கொடுக்கும் வருமானச் சான்றும் இருந்தால் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் அட்டை வாங்கிவிடலாம். அரசு எவ்வளவு பணத்தைக் கொட்டினாலும் கடைசியில் என் பேனாவைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் எனக்கு உள்ளூர ஒரு மிதப்பு இருந்தது.

அந்தப் பெண் ஆடி மாதத்தில் வந்தாள். இருளர் குடும்பம். புருஷன் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். அடுக்கு சரிந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் எல்லாரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். ஆந்திராவில் நகரியைத் தாண்டிப் புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரே பார்த்துவிட்டு, இது கட்டுக்கு அடங்காது, கம்பி வைக்க வேண்டும் என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம் யாரோ காப்பீட்டைப் பற்றிச் சொல்ல, என்னிடம் வந்தாள்.

“சாமி, ஒரு கையெழுத்து போட்டுட்டா போதும்னாங்க.”

அவளை நான் உட்காரச் சொல்லவில்லை. கார்டை வாங்கிப் பார்த்தேன். அதில் அதே வட்டத்தின் வேறொரு கிராமம், அவள் மாமியார் ஊர். “கார்டு எங்க இருக்குதோ அங்கயே போய் வாங்கு” என்றேன். ஏற்கெனவே அங்கே போயிருக்கிறாள். இங்கே குடியிருப்பதால் இங்கே கேள் என்று அனுப்பியிருக்கிறார்கள். அவள் நகராமல் நின்றாள். “கிருத்திகை முடியட்டும், அப்புறம் வா” என்று சொல்லிவிட்டேன்.

ஆடிக் கிருத்திகை என்றால் திருத்தணி என்ன பாடுபடும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மலை முழுக்கக் காவடி. ஊரெல்லாம் கூட்டம். வருவாய்த் துறைக்காரர்களுக்கும் அங்கே டியூட்டி உண்டு. ஆகவே நேரமில்லை என்று நான் சொன்னது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதே வாரத்தில் என் சம்பந்தி வீட்டாரை வரிசையில் நிற்கவிடாமல் சாமி பார்க்க வைத்தேன். அதற்கு நேரம் இருந்தது.

கையெழுத்துப் போடாததற்கு முதல் காரணம் பயம். எனக்குத் தெரிந்த ஒரு வி.ஏ.ஓ. தவறான சான்று கொடுத்ததாக 17(பி) விதிப்படி துறை ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு வாங்கி, பதவி உயர்வு இல்லாமல் அலைந்துகொண்டிருந்தார். கையெழுத்துப் போடாதவனுக்கு யாரும் மெமோ கொடுப்பதில்லை. இந்தப் பாடத்தை நான் நன்றாகக் கற்றிருந்தேன். விசாரித்துப் பார்த்துப் போட்டிருக்கலாமே என்றால், போட்டிருக்கலாம். அவள் குடிசை என் ஆபீசிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் போகவில்லை.

இரண்டாவது காரணத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவள் பேச்சில் தெலுங்கு கலந்திருந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆந்திரா ஆளுக்கு நம் அரசு எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். கையில் அவள் கொடுத்த தமிழ்நாட்டு ரேஷன் கார்டை வைத்துக்கொண்டே நினைத்தேன். என் அம்மா பிறந்த ஊர் நகரி. எங்கள் வீட்டிலும் தெலுங்கு புழங்கும். அவள் நிஜமாகவே அந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும்தான் என்ன? வெளிமாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே குடியிருப்பவர்களைச் சேர்க்கவும் இத்திட்டத்தில் வழி இருக்கிறது. அதையும் நான் பிறகுதான் படித்தேன்.

இதையெல்லாம்விடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் பார்ப்பார்கள். திருத்தணியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குக் கையெழுத்து வேண்டாம், முத்திரை வேண்டாம், எவனும் எனக்கு மெமோ கொடுக்க மாட்டான். அவளை வாசலிலிருந்து கிளப்புவதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

கிருத்திகை முடிந்தது. அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் யோசிக்கவும் இல்லை.

அடுத்த வருஷம் ஒரு செங்கல் சூளையில் கொத்தடிமைகள் இருப்பதாகப் புகார் வந்து, கோட்டாட்சியரோடு நாங்கள் போனோம். அங்கே அவள் கல் அறுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஒரு கால் குட்டையாகி, கழி ஊன்றி நின்றான். படித்துக்கொண்டிருந்த மூத்த பெண் மண் குழைத்துக்கொண்டிருந்தாள். வாக்குமூலம் எழுதும் வேலை எனக்கு. அட்வான்ஸ் எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். “கால் ஆபரேசனுக்கு” என்றாள். அந்தப் பணத்தைத் தனியார் ஆஸ்பத்திரியில் கட்டியிருக்கிறார்கள். அது தீர்ந்ததும் பாதி வைத்தியத்தோடு வெளியே வந்திருக்கிறார்கள். ‘மருத்துவச் செலவு’ என்று எழுதினேன். என் கையெழுத்து தெளிவாகத்தான் இருந்தது. அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாளா என்று தெரியவில்லை. கோட்டாட்சியரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் பயம்.

1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் ரத்தானது. விடுவிப்புச் சான்று கிடைத்தது. காலை எந்தச் சட்டத்தாலும் நீட்ட முடியவில்லை. அவர்களுடைய மூத்த பெண் பள்ளிக்கூடம் திரும்பவில்லை.

என்மீது புகார் கிடையாது, விசாரணை கிடையாது. நல்ல பெயரோடு ஓய்வு பெற்றேன். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டில் எனக்கு முழங்கால் அறுவை நடந்தது. அட்டையை நீட்டினேன், சேர்த்துக்கொண்டார்கள்.

இன்று அந்த நாற்காலியில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வருமான வரம்பு இப்போது 1,20,000 ரூபாய். காப்பீடு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. சந்தேகம் வந்தால் அன்றைக்கே எழுந்து அந்த வீடு வரை நடந்து பாருங்கள். கையெழுத்துப் போட முடியாதென்றால் அரசு மருத்துவமனைக்கு வழியாவது சொல்லி அனுப்புங்கள். அப்புறம் வா என்று மட்டும் சொல்லாதீர்கள்.