‘வலிச்சா சொல்லணும்மா!’

அப்பாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டால் சலூனில் சொடக்கு எடுத்துக்கொள்வார். எனக்கு அதற்கும் வழியில்லை. நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்த்து, இடது தோள் கல் மாதிரி இறுகிவிட்டது. ஆறு மாதம் தைலத்திலேயே ஓட்டிவிட்டு, சித்த மருத்துவமனைக்குப் போனேன். அங்கே மசாஜுக்குப் பெயர் ‘தொக்கணம்’. 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று. தட்டல், அழுத்தல், இழுத்தல் என்று அதிலேயே 9 வகை உண்டாம்.

போனதும் எண்ணெய் தேய்ப்பார்கள் என்று நினைத்தேன். டாக்டரோ கேள்வியாகக் கேட்டார். விரல் மரத்துப்போகிறதா, கையில் பிடி தளர்கிறதா, எங்காவது விழுந்தீர்களா, காய்ச்சல் இருக்கிறதா, கர்ப்பமா? இதில் எதற்காவது ‘ஆமாம்’ என்றால், உடனே மசாஜ் கிடையாதாம்.

உள்ளே ஒரு அக்கா. முதுகு மட்டும் தெரிய, மற்ற இடத்தைத் துணியால் மூடிவிட்டார். வெதுவெதுப்பான எண்ணெய், சுகமாகத்தான் இருந்தது. தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் கட்டைவிரல் இறங்கியதும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“வலிக்குதாம்மா?”

“இல்லக்கா, பரவாயில்ல.”

“மூச்சை அடக்குறியே! தோள் திரும்ப இறுகுது. வலிச்சா சொல்லணும்மா, அப்பத்தான் நான் அழுத்தத்தைக் குறைக்க முடியும். பத்துக்கு எவ்வளவு?”

“எட்டு...”

கை லேசானது. கொஞ்ச நேரத்தில் தோளும்.

மறுநாள் அடித்துப்போட்ட மாதிரி உடம்பு வலி. அக்கா முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு, ஸ்கூட்டி ஓட்டும்போது கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறது.

அடுத்த வாரம் அம்மாவை அழைத்துப்போகிறேன். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து நின்றபடி, “எனக்கு ஒண்ணுமில்லடி” என்கிறார்.