நிப்பிசிங் போகாத ரயில்

யூனியன்வில்லின் ஸ்டேஷன் லேனில் ஒரு பழைய மரக் கட்டடம் நிற்கிறது. 1871இல் ரயில் நிலையமாகக் கட்டியது. இன்று மார்க்கம் நகரசபையின் சமூக மண்டபம். ரொறன்ரோவின் கோ பயணிகள் ரயில்கள் அதற்குப் பக்கத்தால் நிற்காமல் போய்விடும். கனடாவைச் சைக்கிளில் குறுக்கறுக்க நினைக்கிற எவரும் முதலில் இந்தத் தண்டவாளத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அடுத்த கோடையில் வடமராட்சியிலிருந்து வரவிருக்கும் அக்காவின் மகனுக்கும் அதையே சொன்னேன்.

"வான்கூவரிலையிருந்து சென் ஜோன்ஸ் மட்டும் ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர் மாமா. அதுக்குள்ளை இந்தச் சின்ன லைன் என்னத்துக்கு?"

"சுமையோடை ஓடிப் பழக. தண்ணி எங்கை, சாப்பாடு எங்கை, ராவிலை படுக்கை எங்கை எண்டு யோசிக்கப் பழக."

இந்தப் பாதையின் முழுப்பெயர் ரொறன்ரோ அன்ட் நிப்பிசிங் ரயில்வே. ஜோர்ஜ் லெய்ட்லோ என்ற ஸ்கொட்லாந்துக்காரரின் முனைப்பில் 1868இல் அனுமதி பெற்றது. பின்பலம் கூடர்ஹாம் அன்ட் வோர்ட்ஸ் மதுவடிசாலை; அதற்குத் தானியம் வேண்டியிருந்தது, நகரத்துக்கு விறகு வேண்டியிருந்தது. செலவைக் குறைக்க மூன்றரை அடி அகலத்தில் தண்டவாளம் போட்டார்கள். அந்தக் காலத்தில் கிராண்ட் ட்ரங்க் ரயில்வேயின் அகலம் ஐந்தரை அடி, நம் யாழ்தேவி ஓடும் அதே அகலம். ஸ்காபரோவிலிருந்து நகரத்துக்குள் இரண்டுக்கும் ஒரே வழிதான் என்பதால், கிராண்ட் ட்ரங்கின் பாதையில் மூன்றாவது தண்டவாளம் ஒன்றைச் சேர்த்துப் போட்டுச் சமாளித்தார்கள். 1871 ஜூலையில் அக்ஸ்பிரிட்ஜ் வரை திறந்தது. 1872இல் கோபோகொங்க் போய்ச் சேர்ந்தது. மொத்தம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். பெயரில் இருந்த நிப்பிசிங் ஏரிக்கு அது போகவேயில்லை.

தொடக்கம் ரொறன்ரோவின் டிஸ்டில்லரி பகுதி. அந்த மதுவடிசாலையின் செங்கல் கட்டடங்கள் இன்று கடைகளும் கலைக்கூடங்களுமாக இருக்கின்றன. அங்கிருந்து ஸ்காபரோ, அஜின்கோர்ட், மில்லிக்கன், யூனியன்வில், மார்க்கம், ஸ்டூவில் வரை தண்டவாளத்தில் இன்னும் கோ ரயில் ஓடுகிறது. பக்கத்தில் தொடர்ச்சியான சைக்கிள் பாதை இல்லை. வேலைநாள் நெரிசல் நேரம் தவிர்த்தால் சைக்கிளோடு ரயிலில் ஏறலாம். ஆனால் யூனியன்வில்லில் இறங்கி, மிச்சத்தை வீதியால் ஓடுவதே நல்லது. ஸ்டீல்ஸில் மார்க்கம் றோட் பக்கம் திரும்பினால் றோல்ஸும் மாலுபாணும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். வழியில் அதற்குப் பிறகு தமிழ்க்கடை அரிது.

அந்த மார்க்கம் றோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்மவர்கள் தினமும் வேலைக்கும் கோயிலுக்கும் ஓடுகிற அதே வீதி, மார்க்கத்தின் வடக்கே நெடுஞ்சாலை 48 ஆகி, சிம்கோ ஏரியின் ஓரத்தால் வளைந்து, பிறகு உள்ளூராட்சியின் வீதி 48 ஆகத் தொடர்ந்து, கடைசியில் கோபோகொங்கில்தான் முடிகிறது. வரைபடத்தில் அது நேரான வழியாகத் தெரியும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கொட்டேஜுக்குப் போகிற கார்களும் படகு கட்டிய ட்ரக்குகளும் அதில் நிரம்பி வழியும். சைக்கிளை முந்தும்போது முடிந்தவரை ஒரு மீற்றர் இடைவெளி விடவேண்டும் என்று ஒன்ராறியோவில் 2015இலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனாலும் சரளை ஓரத்தில் சுமையோடு ஓடுகிறவனுக்கு அந்த ஒரு மீற்றர் போதாது.

ஸ்டூவில்லுக்கு அப்பால் நிலம் எழும்புகிறது. பனியுகம் குவித்துவிட்டுப் போன மணலும் சரளையுமான ஓக் ரிட்ஜஸ் மேடு இது. குட்வுட் பக்கத்தில் உச்சி. தெற்குச் சரிவில் விழும் மழை ரூஜ் போன்ற ஆறுகளால் ஒன்ராறியோ ஏரிக்குப் போகும். வடக்குச் சரிவில் விழுவது சிம்கோ ஏரிக்கு. வீதிகள் இந்த மேட்டை நேராக ஏறி இறங்கும், முழங்கால் அதை உடனே சொல்லும். ரயில் பாதையோ வெட்டியும் நிரப்பியும் வளைந்தும் ஏறுகிறது. நீராவி இயந்திரத்துக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. முப்பது கிலோ சுமையோடு மிதிக்கிற மனிதனுக்கும் ஆகாது. தண்ணீர் நிரப்பவும் விறகு ஏற்றவும் வேண்டியிருந்ததால் நிலையங்களும் கிட்டக்கிட்ட வந்தன. அவற்றைச் சுற்றி ஊர்கள் வளர்ந்தன. தூரப் பயணத் திட்டத்தில் பாதி வேலை இதுதான்: ஏற்றம் எவ்வளவு, அடுத்த தண்ணீர் எங்கே. அந்தக் கணக்கை நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே ஒருவர் போட்டு மண்ணில் எழுதி வைத்திருக்கிறார்.

அக்ஸ்பிரிட்ஜில் 1904ஆம் ஆண்டுக் கூம்புக்கூரை நிலையம் இருக்கிறது. அதற்கு வடக்கே தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். அங்கிருந்து சைக்கிள்காரனின் ராச்சியம். பழைய மரக்கால் பாலத்தைத் தாண்டிப் பிளாக்வாட்டர் வரை ட்ரான்ஸ் கனடா ட்ரெயில். கடலிலிருந்து கடல்வரை 2017இல் இணைத்து முடித்த அந்தப் பெரும் பாதையின் ஒரு துண்டு இது. பிளாக்வாட்டரில் அது லிண்ட்சே பக்கம் கிழக்கே பிரிகிறது. நம் பழைய ரயில் வடக்கே, பீவர் ஆற்றின் சதுப்புநிலப் பாதையாகத் தொடர்கிறது.

முழுவழியிலும் எனக்குப் பிடித்த துண்டு இது. இருபுறமும் தண்ணீர், நடுவில் ரயில் அணை, அதன்மேல் நொறுக்கிய கல். ஓரத்தில் பீவர் கடித்துக் கூராக்கிய பொப்லர் அடிக்கட்டைகள், பென்சில் சீவியதுபோல. கையால் தொட்டால் பல் இழுத்த வரிகள் விரலுக்குத் தெரியும். மழை பெய்த மறுநாள் இந்த நொறுங்கல் சில்லைப் பிடித்து இழுக்கும்; 28 மில்லிமீற்றர் ரயர் புதையும், 40 புதையாது. மருமகன் யாழ்ப்பாணத்து வீதியை நினைத்து மெல்லிய ரயர் தெரிவு செய்திருந்தான். அதை மாற்றச் சொன்னேன். ஜூனில் இங்கே கறுப்பு ஈயும் நுளம்பும் மோசம், உண்ணி மூலம் லைம் நோயும் வரும். முழுக்கைச் சட்டை கட்டாயம்.

கனிங்டனில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இந்த ரயில்வேயின் தலைவராக இருந்த ஜோன் ஷெடன், 1873 மே மாதம் இந்த ஊர் நிலையத்தில் ஓடத் தொடங்கிய ரயிலில் ஏறப்போய் விழுந்து இறந்தார். கோபோகொங்கைச் சிலகாலம் அவர் பெயரால் ஷெடன் என்றே அழைத்தார்கள்.

வுட்வில்லுக்கு அப்பால் பழைய பாதை வயல்களுக்குள்ளும் தனியார் காணிகளுக்குள்ளும் காணாமல் போகிறது. வீதிக்குத் திரும்ப வேண்டியதுதான். கேர்க்ஃபீல்டில் 1907இல் திறந்த படகுத்தூக்கி உண்டு: தண்ணீர்த் தொட்டியோடு படகை ஏறத்தாழ 15 மீற்றர் உயர்த்தி இறக்கும். கனேடியன் நொர்தேர்ன் ரயில்வேயைக் கட்டிய வில்லியம் மக்கென்சி பிறந்த ஊரும் இதுவே.

கோபோகொங்கில் சுண்ணாம்புக் காளவாசல்கள் இருக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக்கல்தான் ரயில்வே நின்றதற்கும் சாட்சி. ஊரைத் தாண்டி நோர்லண்ட் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் முடிந்து கனேடியக் கேடயத்தின் கருங்கல் தொடங்குகிறது. வெடிவைத்துப் பிளந்தால்தான் அதில் பாதை வரும். மலிவாகக் கட்டப் புறப்பட்ட கம்பனியிடம் அதற்குப் பணம் இல்லை. தெற்கே பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்கு ஓர் ஊர் என்று பழகிய கணக்கும் இங்கே கைவிடுகிறது. நாட்டைக் குறுக்கறுக்கும்போது இந்தக் கருங்கல் நிலத்தினூடே ஓடவேண்டிய நெடுஞ்சாலை 17 ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஏறத்தாழ 1,960 கிலோமீற்றர், பருத்தித்துறைக்கும் தெய்வேந்திரமுனைக்கும் உள்ள நேர்தூரத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல். சுப்பீரியர் ஏரிக்கரையில் வாவாவுக்கும் சூ செயின்ட் மரீக்கும் இடையே ஏறத்தாழ 225 கிலோமீற்றர். நடுவில் கடைகள் மிகக் குறைவு.

மருமகனின் முதல் அட்டவணை முழு நாட்டுக்கும் நாளுக்கு 90 கிலோமீற்றர் என்று போட்டிருந்தது. சுப்பீரியர் கரைக்கு அதை 75 ஆக்கியிருக்கிறோம். வாவாவிலிருந்து மூன்று நாள். சாப்பாட்டுக்கு முன் பை முழுவதும், ஏரித் தண்ணீருக்கு வடிகட்டி. இங்கே வந்து இறங்கியதும், அந்தச் சுமை முழுவதையும் கட்டிக்கொண்டு முதலில் கோபோகொங்க் போய்வருவான். அதற்குப் பிறகுதான் சைக்கிளைப் பெட்டியில் போட்டு வான்கூவருக்கு அனுப்புவோம்.