குப்பிக்குள் கடல்

விதை முளைக்க மண் வேண்டும் என்றுதான் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் பாம்பனுக்கு வந்த என் மகள், ஒரு கண்ணாடிக் குப்பியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். உள்ளே கலங்கலாய் உறைந்த கூழ். அதன்மேல் பச்சைப் பசேலென்று ஆர்க்கிட் நாற்றுகள். அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் முளைத்தவை.

"ஆர்க்கிட் விதை வெறும் தூசி, அப்பா. தேங்காய்க்கு உள்ள மாதிரி கட்டுச்சோறு அதற்குக் கிடையாது. காட்டிலே ஒருவகைப் பூசணம் வந்து ஊட்டினால்தான் உண்டு. 1922இல் நட்ஸன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பூசணத்துக்குப் பதிலாகச் சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கொடுத்தே முளைக்க வைத்துவிட்டார்" என்றாள்.

சர்க்கரை என்றால் அழையாத விருந்தாளிகள் சும்மா இருப்பார்களா? காற்றில் அலையும் கிருமிகள் பந்திக்கு முந்திக்கொண்டு விதையை மூழ்கடித்துவிடும். ஆகவே கூழைக் குப்பியோடு 121 டிகிரி நீராவியில் வேகவைத்து, விதையைச் சலவைத்தூள் கரைத்த நீரில் கழுவி, அப்புறம்தான் உள்ளே இட வேண்டுமாம். எங்கள் பாட்டியின் மடி ஆசாரமெல்லாம் இதற்கு முன் எம்மாத்திரம்!

அடுத்த வீட்டு அம்மாள் பாசி எடுக்கப் போகிறவள். அப்போதுதான் கடலிலிருந்து திரும்பியிருந்தாள்; விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"இது என்ன தாயி, கஞ்சியா?"

"அகர், பெரியம்மா. நீங்க பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசியிலே இருந்துதான் இதை எடுப்பாங்க."

"அப்படியா! முங்கி முங்கிப் பறிக்கிறோம், வண்டியில ஏத்திவிடுறோம். எங்கே போகுதுன்னு யாரு கண்டா?" என்று ஆசையாகக் கை நீட்டினாள்.

"ஐயோ, தொடாதீங்க!" என்று மகள் குப்பியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. "தீவுப் பக்கம் போகாதேங்கிறாக. இதையும் தொடக்கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல் தேசியப் பூங்காவாயின. பவளப்பாறைகளைக் காக்கத்தான், நியாயந்தான். ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுப்பவளை அன்றுதான் நான் முகத்துக்கு நேரே பார்த்தேன். என் மகள் இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

நாற்றுகளைக் குப்பியிலிருந்து எடுக்கும் பருவம் வந்திருந்தது. வேரில் கூழ் ஒட்டியிருந்தால் பூசணம் பிடித்துவிடும். துளிகூட இல்லாமல் அலச வேண்டும். காலையில் மகள் குப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"நீங்களே அலசிக் கொடுங்க, பெரியம்மா."

ஒரு சட்டி நல்ல தண்ணீர். வடு நிறைந்த அந்த விரல்கள் மயிரிழை போன்ற வேர்களை ஒவ்வொன்றாக அலசின. ஒன்றுகூட ஒடியவில்லை.